நீலத்திரை விளையாட்டும், விளக்கம் கேட்டு வந்த மெமோவும்

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவருடைய அலுவலகத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகருக்கு அடுத்த இருக்கையில் மூத்த ஊழியர் ஒருவர் இருக்கிறார். வாசகர் அவரை அக்கா என்றே அழைக்கிறார். ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம். ஒரு நாள் மதிய இடைவேளையில் அக்கா தம் கணினியை லாக் செய்யாமல் எழுந்து போயிருக்கிறார். அந்த நேரத்தில் வாசகர், நண்பர் ஒருவர் கொடுத்த ஒரு ஸ்கிரீன்சேவரைத் தம் பென்டிரைவிலிருந்து அந்தக் கணினியில் ஏற்றி, ஒரு நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் அது இயங்கும்படி அமைத்துவிட்டார். பல விண்டோஸ் பதிப்புகளில் கணினி செயலிழந்து போனால் வருமே நீலத்திரை, அதை அப்படியே காட்டும் ஸ்கிரீன்சேவர் அது: மேலே சோக முகக் குறி, சிக்கல் நேர்ந்துவிட்டது என்று சொல்லும் வாசகம், கீழே மெல்ல ஏறும் சதவீதக் கணக்கு. அக்கா பதறியதும் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாசகர் நினைத்திருந்தார். ஆனால் அக்கா திரும்பி வரும் நேரத்தில் மேலாளர் வாசகரை உள்ளே அழைத்துவிட்டார். அவர் வெளியே வருவதற்குள் அக்கா பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்திருந்தார். காலையிலிருந்து அவர் எக்செல்லில் செய்துகொண்டிருந்த, கடைசியாக எப்போது சேமித்தார் என்று அவருக்கே நினைவில்லாத காலாண்டுக் கணக்கு ஒப்பீடு போய்விட்டது. ஐடி பிரிவினர் வைரஸ் என்று சந்தேகித்துக் கணினியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா எதையோ டவுன்லோடு செய்திருக்க வேண்டும் என்று பிரிவில் பேச்சு அடிபடுகிறது. தெரிந்ததை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று எல்லாருக்கும் மெமோ வந்திருக்கிறது.

வாசகர் முக்கியமாகக் கேட்பவை நான்கு. அது வெறும் படம்தானே, அதிலும் மைக்ரோசாஃப்டே வெளியிட்டது, அதில் என்ன குற்றம்? ஒரு விசையைத் தொட்டிருந்தாலே மறைந்திருக்கும், அணைத்தது அவர்தானே? யாரும் பார்க்கவில்லை, பேசாமல் இருந்துவிடலாமா? சொன்னால் வேலை போய்விடுமா? நாள் குறைவாக இருந்ததால் முதலில் செய்ய வேண்டியதைக் கடிதம் கிடைத்த அன்றே அவருக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். விரிவான பதில் இது.

அன்புள்ள வாசகருக்கு,

நிறுவனங்களில் கணினி தொடர்பான சம்பவங்களை விசாரித்து அறிக்கை தருவது என் தொழில். உங்கள் கடிதத்தில் உள்ளதைப் போன்ற சம்பவத்தை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்பதால், உங்களுக்கு இதமாக இல்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு வேலை. மேலாளருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருப்பதற்கு முன்னால், ஐடி பிரிவுக்குப் போன் செய்து அந்த வட்டை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் எளிது. எக்செல் தன் வழக்கமான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மீட்புப் பிரதியை அந்தக் கணினியிலேயே எழுதி வைக்கிறது. அக்காவின் கணினியில் அந்த வசதி அணைக்கப்படாமல் இருந்தால், அவருடைய உழைப்பில் பெரும்பகுதி இந்த நிமிடம் வரை அந்த வட்டில் இருக்க வாய்ப்புண்டு. எக்செல்லை மறுபடி திறந்தால் பக்கத்தில் வரும் மீட்புப் பட்டியலிலோ, பயனரின் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் அதன் மீட்பு இடத்திலோ அது கிடைக்கலாம். இந்தப் பிரதிகள் நிரந்தரமாக வைக்கப்படுபவை அல்ல. வட்டை அழித்தால் அந்த வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும். வைரஸ் என்று நினைப்பதால்தான் அவர்கள் அழிக்கப் பார்க்கிறார்கள். வைரஸ் அல்லாமல் இருக்கலாம், இன்னது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

"அல்லாமல் இருக்கலாம்" என்று நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

படம்தானே என்ற எண்ணம்

ஸ்கிரீன்சேவர் என்றால் திரையில் ஓடும் படம் என்றே பலரும் நினைக்கிறார்கள். விண்டோஸில் அது ஒரு முழு நிரல். எஸ்.சி.ஆர். என்று முடியும் அந்தக் கோப்பின் உள்ளமைப்பு, இ.எக்ஸ்.இ. என்று முடியும் சாதாரண நிரல்களின் அமைப்பேதான். பெயரின் வால் மட்டும் வேறு. அதை இயக்கும் பயனருக்கு என்னென்ன அனுமதி உண்டோ அத்தனையும் அந்த நிரலுக்கும் உண்டு. கோப்புகளைப் படிக்கலாம், மாற்றலாம், வலைக்கு அனுப்பலாம். மின்னஞ்சல் இணைப்பாக எஸ்.சி.ஆர். கோப்புகளை அனுப்பி வைரஸ் பரப்புவது மிகப் பழைய உத்தி. பெரும்பாலான அலுவலக மின்னஞ்சல் சேவைகள் இந்த வகைக் கோப்பை வாசலிலேயே தடுப்பதற்குக் காரணம் அதுதான். ஆகவே நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் செய்தது சுவரில் ஒரு படத்தை மாட்டியது ஆகாது. அனுமதி பெறாத ஒரு மென்பொருளை, நிதிக் கணக்குகள் உள்ள கணினியில், வேறொருவரின் லாகினில் இயக்கியது ஆகும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. பல அலுவலகங்களில் சில நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஸ்கிரீன்சேவர் வந்து, திரும்ப நுழையும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி அமைத்திருப்பார்கள். வேறொரு ஸ்கிரீன்சேவரை மாற்றி வைக்கும்போது அந்தப் பாஸ்வேர்டு கேட்கும் அமைப்பும் நீங்கியிருந்தால், வெளியே செத்துப்போன கணினி போலத் தோன்றிய ஒன்று, மௌஸை அசைக்கத் தெரிந்த எவருக்கும் திறந்து கிடந்தது என்று பொருள். விசாரிப்பவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதா?

நீங்கள் நினைப்பது முழுக் கற்பனை அல்ல. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. விண்டோஸின் உள்ளமைப்பை ஆராய்ந்து சிஸ்இன்டர்னல்ஸ் என்ற கருவித் தொகுப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ருசினோவிச் எழுதிய நீலத்திரை ஸ்கிரீன்சேவர் அது. அவரும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திவந்த நிறுவனத்தை 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இதுவும் அந்தக் குடையின் கீழ் வந்தது. கைவேலை என்ற அளவில் அதை நான் ரசித்திருக்கிறேன். ஏதோ ஒரு நீலப் படத்தைக் காட்டி ஏமாற்றாமல், அந்தக் கணினியில் உண்மையாகவே இருக்கும் விண்டோஸின் பதிப்பு எண், நினைவக அளவு, ஏற்றப்பட்டிருக்கும் டிரைவர்களின் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்களின்) பெயர்கள் ஆகியவற்றைப் படித்து அந்தப் போலித் திரையில் பதிக்கும். பிறகு கணினி மறுபடி துவங்குவது போலவும் காட்டும். விவரம் தெரிந்தவர்களே ஒரு கணம் நம்பிவிடக் காரணம் இந்த நுணுக்கம்தான்.

ஆனால் நீங்கள் ஏற்றியது அது அல்ல என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் நீலத்திரையின் 3.2 பதிப்பு வந்தது 2006 நவம்பரில். அது காட்டுவது அந்தக் காலத்துத் திரை: நீலப் பின்னணி நிறைய வெள்ளை எழுத்துகள், பதினாறின் அடிமானத்தில் நீண்ட எண்கள். சோக முகக் குறி விண்டோஸ் 8 உடன் 2012இல்தான் வந்தது. 2006இன் நிரல் 2012இன் முகத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே உங்கள் பென்டிரைவில் இருப்பது, யாரோ பின்னாளில் அதே பாணியில் எழுதிய வேறொன்று. அதை எழுதியவர் யார், உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குக் கொடுத்த நண்பருக்கும் தெரியாது. பெரும்பாலும் யாரோ ஒரு மாணவர் பொழுதுபோக்காக எழுதிய தீங்கற்ற நிரலாக இருக்கும். "பெரும்பாலும்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் தன் கணக்குப் பிரிவை நடத்த முடியாது. அந்தப் பென்டிரைவை அப்படியே, எதையும் அழிக்காமல், ஐடி பிரிவிடம் கொடுங்கள். தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, நிரல் வலைக்குப் பேசுகிறதா என்றெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது தீங்கற்றது என்று அவர்கள் வாயால் வருவது உங்களுக்கே நல்லது.

ஒருவேளை அது அசலாகவே இருந்திருந்தாலும் உங்கள் வாதம் நிற்காது. நல்ல நிறுவனம் தயாரித்தது என்பது, அதைப் பிறர் கணினியில் ஏற்ற உங்களுக்கு அனுமதி தருவதாகாது.

அணைத்தவர் அவர்தானே?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய பகுதி இது. "ஒரு விசையைத் தொட்டிருந்தால் போதுமே, இத்தனை வருடம் கணினியில் வேலை செய்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நின்றுபோன கணினியின் முன்னால் விவரம் தெரிந்த எவரும் என்ன செய்வாரோ அதைத்தான் அக்கா செய்திருக்கிறார். சதவீதம் நகராமல் நின்றால் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லித்தான் எந்த ஐடி பிரிவும் போனில் சொல்லும். உண்மையான நீலத்திரையில் விசைகளுக்கு வேலையே இல்லை. இயங்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டுவிட்டது என்பதுதானே அந்தத் திரையின் செய்தி? ஆகவே விசையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் அறியாமை அல்ல. உங்கள் போலித்திரை நன்றாக வேலை செய்தது என்பதுதான். மேலும், மௌஸை அசைத்தால் மறைவது ஸ்கிரீன்சேவர்களின் மரபு மட்டுமே. ஒவ்வொரு நிரலும் அதைத் தானே செய்ய வேண்டும். நண்பரை ஏமாற்றவென்றே எழுதப்பட்ட நிரல் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம்.

இந்த வகை விளையாட்டின் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. நிரல் எதையும் அழிக்கவில்லை, கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரி. ஆனால் அதை நம்பியவர் எடுக்கும் நடவடிக்கை போலியாக இருப்பதில்லை. நம்பினால் மின்சாரத்தை நிறுத்துவார். சேமிக்காத வேலை போகும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் திறந்திருக்கும் கோப்பு சிதையவும் கூடும். இன்னும் நம்பினால் ஐடி பிரிவை அழைப்பார். அவர்களும் நம்பினால் வட்டை அழிப்பார்கள். உங்கள் விஷயத்தில் இந்தப் படிகளில் கடைசி ஒன்றுதான் பாக்கி. அந்த நம்பிக்கையை உண்டாக்குவதே உங்கள் நோக்கமாக இருந்ததால், நம்பியதன் விளைவை நம்பியவர் மேல் சுமத்துவதை எந்த விசாரணையாளரும் ஏற்கமாட்டார். விளக்கக் கடிதத்தில் இந்த வாதத்தை ஒரு வரியில்கூட எழுதாதீர்கள்.

மனிதர்கள் இந்தத் திரையைக் கண்டு மிரள்வதற்குச் சமீபத்திய காரணமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் ஸ்தம்பித்த அந்த நாளைப் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கைத் திரையாகத் தோன்றாது. போதாக்குறைக்கு, இதே தோற்றத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி, கீழே உதவி எண் என்று ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டுப் பணம் பறிக்கும் கும்பல்களும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது என்பதை இந்த இடத்தில் எல்லா வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை

நேரில் யாரும் பார்க்காமல் இருந்திருக்கலாம். கணினி பார்த்திருக்கிறது. எந்த ஸ்கிரீன்சேவர், எந்த இடத்திலிருந்து, என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனரின் கணக்கின் கீழ் எழுதப்பட்டிருக்கும். செருகப்பட்ட பென்டிரைவின் வகை, பெரும்பாலும் அதன் வரிசை எண், செருகிய நேரம் ஆகியவையும் பதிவாகும். அதே பென்டிரைவை உங்கள் அலுவலகக் கணினியில் என்றைக்காவது செருகியிருந்தால், இரண்டு பதிவுகளையும் அருகருகே வைப்பது கடினமான காரியம் அல்ல.

கணினி செயலிழக்கவே இல்லை என்பதும் தெரிந்துவிடும். உண்மையான நீலத்திரை வந்தால் விண்டோஸ் வழக்கமாக நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைக்கும். நிகழ்வுப் பதிவேட்டில், விண்டோஸ் செயலிழந்ததைச் சொல்லும் பக்செக் என்ற குறிப்பும் ஒரு நிறுத்தக் குறியீடும் இருக்கும். பட்டனை அழுத்தி அணைத்திருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றதைச் சொல்லும் கெர்னல் பவர் 41 என்ற நிகழ்வு இருக்கும், பக்செக் குறிப்பு இருக்காது. அதில் பக்செக் குறியீட்டின் இடத்தில் பூஜ்யம் நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்த நேரமும் பதிவாகியிருக்கலாம். இதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில், "திரை வந்தது என்று சொல்கிறார்கள், ஆனால் விண்டோஸ் விழவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவார். அடுத்து அவர் தேடுவது, அந்தத் திரையை யார் வரவழைத்தார் என்பதைத்தான்.

உங்களைவிட அக்காவுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஏனென்றால் அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் இருக்கும் பயனர் பெயர் அவருடையது. அவருடைய லாகினில், அவருடைய இருக்கையில், அவருடைய கணக்கின் கீழ் ஒரு சந்தேகத்துக்குரிய நிரல் நிறுவப்பட்டிருக்கிறது. அரைகுறையாக விசாரித்தால் குற்றவாளி அவர்தான். அவர் எதையோ டவுன்லோடு செய்தார் என்ற பேச்சு ஏற்கனவே பிரிவில் கிளம்பிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், செய்த வேலையைப் பறிகொடுத்த ஒருவர் மேல் பழியையும் ஏற்றிக்கொண்டே போகிறது. விளையாட்டு என்று சொல்லக்கூடிய காலம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

இருக்கும் வழிகள்

பேசாமல் இருந்துவிடுவது ஒரு வழி. மெமோவுக்குப் பதில் எழுத வேண்டியிருப்பதால் அது பேசாமல் இருப்பதாகவும் இருக்காது. "எனக்கு எதுவும் தெரியாது" என்று பொய்யைக் கையெழுத்திட்டுத் தருவதாகும். என் அனுபவத்தில் நிறுவனங்கள் குறும்பை மன்னிப்பதுண்டு. விசாரணையில் எழுத்தில் சொன்ன பொய்யை மன்னித்து நான் பார்த்தது மிக அரிது. பென்டிரைவை அழிப்பது, அந்தக் கணினி திரும்பி வந்ததும் கோப்பை நீக்குவது போன்ற யோசனைகள் உங்களுக்கு இருந்தால் (கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருப்பது போலத்தான் தெரிகிறது) அவற்றைக் கைவிடுங்கள். தடயத்தை அழித்தவருக்கு, வேடிக்கைக்காகச் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பு இல்லை.

அக்காவிடம் மட்டும் சொல்லி, அவரையே மேலிடத்தில் சமாளிக்கச் சொல்வது இன்னொரு வழி. நட்பின் பேரில் அவர் ஒப்புக்கொள்ளவும் கூடும். பாதிக்கப்பட்டவரையே உங்களுக்காகப் பொய் சொல்ல வைப்பது இது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது, நீங்களே முன்வந்து சொல்வது. இதில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். பல நாடுகளின் சட்டங்களில், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினியில் எதையாவது புகுத்துவதும் அதன் இயக்கத்தைக் குலைப்பதும் தனிக் குற்றங்களாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. கெட்ட நோக்கம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்கலாம், செயலை இல்லாமல் ஆக்காது. ஆகவே எதையும் எழுத்தில் தருவதற்கு முன் பொறுங்கள் என்று ஒரு வழக்கறிஞர் உங்களுக்குச் சொன்னால், அவர் தவறாகச் சொல்கிறார் என்று நான் கூறமாட்டேன். நிறுவனம் காவல்துறைப் புகார் பற்றிப் பேசியிருந்தால், விளக்கக் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே கொடுங்கள். நீங்கள் விவரித்த அளவில் இது அலுவலக ஒழுங்கு நடவடிக்கையோடு நிற்கக்கூடிய விஷயமாகவே எனக்குத் தெரிகிறது. அந்தக் களத்தில், தானாக வந்து சொன்னவருக்கும் கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் கிடைக்கும் முடிவுகளுக்கு இடையே பெரிய தூரம் இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதமோ, ஊதிய உயர்வு தள்ளிப்போவதோ வரலாம். வேலை போகாது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. உங்கள் பணிப்பதிவில் இதற்கு முன் எதுவும் இல்லை என்கிறீர்கள். அது நிச்சயம் கணக்கில் வரும்.

செய்யும் வரிசை முக்கியம். ஐடி பிரிவுக்குப் போன். உடனே அக்காவிடம் நேரில். அன்றைக்கே எழுத்தில் மேலாளருக்கு. மேலாளர் வழியாக அக்காவுக்குச் செய்தி போய்ச் சேரும்படி விட்டுவிடாதீர்கள்.

விளக்கக் கடிதமும் உங்கள் உரிமைகளும்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். என்ன செய்தீர்கள், எந்த நாள், ஏறக்குறைய எந்த நேரம், எந்தக் கோப்பு, அது எங்கிருந்து வந்தது, எந்தக் கணினியில், யாருடைய லாகினில் என்பவற்றை முதலில் எழுதுங்கள். இது அவருக்குத் தெரியாமல், அவர் இல்லாத நேரத்தில் உங்களால் மட்டும் செய்யப்பட்டது என்ற வாக்கியம் தனிப் பத்தியாக, ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் திறந்து பார்த்த வேறு கோப்புகள் இருந்தால் அவற்றையும், இல்லையென்றால் இல்லை என்றும் சொல்லுங்கள். பென்டிரைவை ஒப்படைத்த விவரத்தையும், மீட்புப் பிரதியைத் தேடச் சொன்ன நேரத்தையும் சேருங்கள். வருத்தம் இரண்டு வரி போதும். எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான் விளையாடுகிறார்கள், அவர் லாக் செய்திருக்க வேண்டும் என்பன போன்றவை வேண்டாம். லாக் செய்யாமல் எழுந்து போனது அவர் பக்கத்துக் குறைதான். அதை எடுத்துச் சொல்லத் தகுதி இல்லாத ஒரே ஆள் இப்போது நீங்கள்.

ஒப்புக்கொள்வதால் உரிமைகள் போய்விடுவதில்லை. உங்கள் மேல் நடவடிக்கை என்றால், எந்த விதியை மீறினீர்கள் என்பதை எழுத்தில் கேட்கலாம். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட கணினிப் பயன்பாட்டு விதிகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்; வெளி பென்டிரைவ் பற்றி அதில் என்ன இருக்கிறது என்பது உங்கள் நிலையை நிர்ணயிக்கும். முடிவுக்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு கேட்கலாம். வேறு யாராவது தயாரித்துக் கொண்டுவரும் ஒப்புதல் வாக்குமூலத்திலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்திடாதீர்கள்; உங்கள் சொற்களில் நீங்கள் எழுதியதே போதும். இழப்பை ஊதியத்தில் பிடிப்போம் என்றால், எது எவ்வளவு என்ற கணக்கை எழுத்தில் பெற்ற பிறகே பதில் சொல்லுங்கள். மீட்புப் பிரதி கிடைத்துவிட்டால் அந்தக் கணக்கே மாறிவிடும். அந்தப் போனை ஒத்திப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதில் உங்கள் சுயநலமும் அடங்கியிருக்கிறது.

அக்காவிடம் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். அவர் இழந்தது ஒரு கோப்பை மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். இத்தனை நாளும் தாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையை முதலில் எடுங்கள். மேலாளருக்குத் தரப்போகும் கடிதத்தின் நகலை அவரிடம் கொடுங்கள். அந்த ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டியிருந்தால், அவர் விரும்பினால் மட்டும், உங்கள் நேரத்தில் உட்கார்ந்து உதவுங்கள். அவர் உடனே சிரித்து மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அக்கா என்று அழைப்பதால் பொறுத்துக்கொள்வார் என்ற கணக்கில்தான் அவருடைய கணினியைத் தொட்டீர்கள் என்பதை அவரும் யோசித்திருப்பார்.

வீட்டுக் கணினி பற்றிக் கேட்டது

வீட்டில் லினக்ஸ் கணினியில் இதே போன்ற ஒன்றைப் பல வருடமாக வைத்திருக்கிறேன், அதுவும் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் சொல்வது, நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் வெளியிடத் தொடங்கிய எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தொகுப்பில் உள்ள நீலத்திரைப் பகுதி. விண்டோஸ், பழைய மேக்கின்டாஷ், அமிகா என்று பல இயங்குதளங்களின் மரணத் திரைகளை அது மாற்றி மாற்றிக் காட்டும். லினக்ஸ் கணினியில் அமிகாவின் சிவப்புக் கட்டம் ஒளிரும்போது ஏமாறுகிறவர் யாரும் இல்லை. அது கணினி வரலாறு தெரிந்தவர்களுக்கான நகைச்சுவை. உங்கள் கணினி, உங்கள் விருப்பம். அலுவலகத்திலும் தம் திரையில் இதை வைத்துக்கொள்ள ஒருவர் அனுமதி கேட்டுப் பெற்றால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற பெயரில் விண்டோஸுக்கு என்று கிடைப்பவை ஜவின்ஸ்கி வெளியிட்டவை அல்ல, அவற்றைத் தொடாதீர்கள்.

அந்தப் பென்டிரைவ் கோப்பை வீட்டில் உள்ள விண்டோஸ் மடிக்கணினியிலும் ஒருமுறை இயக்கிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐடி பிரிவின் பரிசோதனை முடியும் வரை அந்த மடிக்கணினியில் வங்கி வேலை எதையும் செய்யாதீர்கள். விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரலின் ஆஃப்லைன் பரிசோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கோப்பில் ஏதேனும் இருந்தது என்று அவர்கள் சொன்னால், முக்கியமான பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். உங்களுக்கு அதைக் கொடுத்த நண்பருக்கும் தெரிவியுங்கள்.